பதினொரு பச்சைத் தையல்

“இது தப்பாப் போட்டது இல்ல ஆன்ட்டி. இடது கைக்காரங்க போட்டது” என்றாள் பெனிட்டா மிஸ்.

புனிதவதி சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? ஒரு வாரமாக மத்தியானத் தூக்கத்தை விட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, சின்னக் கத்தரியால் பச்சை நூலை ஒவ்வொன்றாக வெட்டி உருவியிருக்கிறாள். முப்பத்தாறு வருஷம் ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர், அதில் கடைசி ஒன்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ், தப்பு எது சரி எது என்று அவளுக்குத் தெரியாதா? போன செவ்வாய்க்கிழமை இதே மிஸ்தானே, தில்லை நகரில் இதே நூல்கடை மாடியில், இதே மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கிராஸ் ஸ்டிச்சுக்கு ஒரே சட்டம்தான், கீழ்க்கோடு ஒரு பக்கம் சாயணும், மேல்கோடு மறுபக்கம் சாயணும், துணி பூரா மேல்கோடு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கணும், இல்லேன்னா வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும் என்று சொன்னாள்? வீட்டுக்குப் போய், செத்துப்போன தங்கை திலகவதி பாதியில் விட்டுப்போன துணியை ஜன்னலில் பிடித்துப் பார்த்தால், மிஸ் சொன்னது அப்படியே இருந்தது. வீட்டுச் சுவர், ஓடு, நீலக் கதவு எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. கதவுக்குப் பக்கத்தில் ஏறுகிற பச்சைக் கொடி மட்டும் வலப்பக்கம் சாய்ந்து, வெளிச்சத்தில் வேறு மாதிரி மினுக்கியது. ஐயோ பாவம், படுத்த படுக்கையாகக் கிடந்தவள், கண் இருட்டியிருக்கும், கை நடுங்கியிருக்கும், தப்பாகப் போட்டுவிட்டாள், நாம் பிரித்துச் சரியாகப் போட்டுக் கண்ணாடிச் சட்டம் மாட்டி அவள் படத்துக்குப் பக்கத்தில் வைப்போம் என்று நினைத்தாள். நினைத்ததோடு நின்றாளா, இருநூற்றுச் சொச்சம் தையலையும் பிரித்துத் தள்ளிவிட்டு, இன்றைக்கு அடி ஓரத்தில் மிச்சம் பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பாராட்டு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். மிஸ் அந்தப் பதினொன்றைத்தான் பார்த்தாள். வேறெதையும் பார்க்கவில்லை. “தப்பாப் போடறவங்களுக்கு அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு மாறும் ஆன்ட்டி. இதுல ஒண்ணுகூட மாறல. பின்பக்கத்தைப் பாருங்களேன், ஒரு முடிச்சு கிடையாது, நூல் வாலெல்லாம் அடியில சொருகி... ரொம்ப நல்ல கை.” துணியைத் திருப்பித் தந்துவிட்டு, “நீங்க உங்க சாம்பிள்ல ரெண்டாவது வரிசையப் போடுங்க, வர்றேன்” என்று அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த இரண்டு காலேஜ் பெண்களிடம் போய்விட்டாள்.

சரி, ரெண்டாவது வரிசை. ஐடா துணி என்பது வேறொன்றுமில்லை, கட்டம் கட்டமாக நெய்த துணி, நாலு மூலைக்கும் நாலு துளை, கணக்கு நோட்டில் பிள்ளைகள் கட்டத்துக்கு ஒன்றாக எண் எழுதுவதுபோலக் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. ஆறிழை நூலில் இரண்டிழை மட்டும் உருவி, மொட்டை ஊசியில் கோத்து, கீழ்மூலையில் வெளியே எடுத்து எதிர்மூலையில் உள்ளே விட வேண்டும். ஒன்று. அடுத்தது. இரண்டு. யார் அந்த இடது கைக்காரி? திலகத்துக்கு வலது கை. அதில் சந்தேகமே கிடையாது, டெலிபோன் ஆபீசில் அவள் போட்ட கையெழுத்தைப் பார்த்தால் பக்கத்து சீட்டுக்காரி பொறாமைப்படுவாள் என்று அவளே பீற்றிக்கொள்வாள். மூன்று. பார்த்துக்கொள்ள வந்த நர்ஸம்மாவா? அந்தம்மாவுக்கு ஊசி என்றால் மருந்து ஊசிதான், செல்போனை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை. நாலு. மாடிவீட்டு மாமியா? மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஐந்து. ஐந்தாவது எங்கே? ஐந்தாவது கட்டத்தை விட்டு ஆறாவதில் குத்தியிருக்கிறாள், இழு, பின்னால் எடு, திரும்பக் குத்து. ரொம்ப நல்ல கை. அப்படித்தானே சொன்னாள்? ரொம்ப நல்ல கை. அந்தக் கையைப் பற்றி இந்த உலகத்தில் இதுவரை யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? எந்தக் கையைப் பற்றி? நான் எந்தக் கையைப் பற்றி நினைக்கிறேன்? நினைக்கவில்லை, நான் ஒன்றையும் நினைக்கவில்லை, ஊருக்குள் இடது கைக்காரர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆறு. பள்ளிக்கூடத்து நீல ரிப்பன் எப்படி இப்போது ஞாபகத்துக்கு வருகிறது பார். நாற்காலிக் கைப்பிடியில் பீச்சாங்கையை வைத்து ரிப்பனால் இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கமாக இல்லை, இறுக்கவில்லை, வலிக்கிற மாதிரி ஒருநாளும் இறுக்கியதில்லை, முடிச்சு மட்டும் போட்டு, ம், இப்ப எழுது, அம்மா பார்க்கறேன். ஐந்து வயசு. ஆவன்னாவின் சுழி எழுத வலது கை வராமல் பென்சில் நழுவிக் கீழே விழும். அதை எடுக்கக் குனிந்தால் நாற்காலியும் கூடவே இழுபடும். நாற்பது பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், அவள் பெற்ற பிள்ளையே பீச்சாங்கையால் எழுதினால் ஊர் சிரிக்காதா, கோயிலில் ஐயர் திருநீறு கொடுக்கும்போது அந்தக் கையை நீட்டினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஒரு வருஷத்தில் திருந்திவிட்டாள். கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. புனிதவதி அந்த சர்டிபிகேட்டை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டினாள், நான்தான் மாத்தினேன் என்று சொல்லிச் சொல்லிக் காட்டினாள். அந்தப் பிள்ளை எழுதுவதற்கும் சாப்பிடுவதற்கும்தான் வலது கையை வைத்துக்கொண்டது. கத்தரி பிடிக்க, கோலம் போட, பந்து எறிய, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லாவற்றுக்கும் இடது கைதான். ஆதிரை. சொல்லிவிட்டாள். மனசுக்குள்தான் சொன்னாள், இருந்தாலும் பெற்ற மகள் பேரைச் சொல்லி ஆறு வருஷம் ஆகியிருந்ததால் யாராவது கேட்டுவிட்டார்களோ என்று தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி ஏதோ சொல்ல, பெனிட்டா மிஸ் சிரித்துக்கொண்டே, “லெஃப்ட் ஹாண்டா? அதுக்கென்ன, என் எதிர்ல வந்து உட்காரு. பக்கத்துல உட்கார்ந்தா வராது. எதிர்ல உட்கார்ந்து கண்ணாடியப் பார்க்கிற மாதிரி என் கையப் பார்த்து அப்படியே போடு, தானா வந்துடும்” என்றாள். நாற்காலியை இழுக்கிற சத்தம். அந்தச் சத்தம்தான். புனிதவதி ஊசியைப் பாதியில் நிறுத்தினாள். திலகத்தின் கட்டிலுக்கு எதிரே அந்த நாற்காலி. சாப்பாட்டு மேஜையில் இருக்க வேண்டிய நாற்காலி, தினமும் கட்டிலுக்கு நேர் எதிரே, முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி போட்டிருக்கும். தினமும் புனிதவதி வந்ததும் அதைத் தூக்கிப் பழைய இடத்தில் போட்டுவிட்டுக் கட்டிலோரமாக உட்காருவாள். மறுநாள் பார்த்தால் திரும்ப அங்கேயே கிடக்கும். நர்ஸம்மா உட்கார்ந்து போன் பார்க்கிறாள் என்று நினைத்து, அந்த அப்பாவி மேல் எரிச்சல்பட்டாளே! அப்புறம் அந்த டம்ளர். அடுப்படி மேடையில் கழுவிக் கவிழ்த்த காப்பி டம்ளர் இரண்டு. யாருடி வந்தா என்று கேட்டதற்கு, திலகம் சுவரைப் பார்த்துக்கொண்டு, “நானே ரெண்டு தடவ குடிச்சேன்க்கா” என்றாள். வயிற்றில் கட்டி வந்து கஞ்சியே இறங்காதவள் இரண்டு தடவை காப்பி குடித்தாளாம், இவளும் அதைக் கேட்டுக்கொண்டாளாம். படித்தவள், பிள்ளைகள் பொய் சொன்னால் முழியைப் பார்த்தே பிடிப்பவள்! அப்புறம், அட கடவுளே, அப்புறம் அந்த நாலு மணி. “அக்கா, நாலு மணிக்கு மேல வாக்கா. அதுக்கு முன்னாடி மாத்திரை போட்டுத் தூங்கிடுவேன், நீ வந்து சும்மா உட்கார்ந்திருக்கணும்.” ஐந்து மாசம். புனிதவதி சொன்ன சொல் தவறாமல் நாலுக்குப் போய் ஆறுக்குத் திரும்பினாள். அதே வீட்டில், அதே கட்டிலுக்கு முன்னால், காலையிலோ மத்தியானமோ ஆதிரை வந்து எதிரே உட்கார்ந்து சித்திக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் இடது கையால் போட, திலகம் கண்ணாடியைப் பார்ப்பதுபோல வலது கையால் போட, அதனால்தான் வீடு ஒரு பக்கமும் கொடி ஒரு பக்கமும் சாய்ந்திருக்கின்றன. லிஃப்டில் ஏறும்போது சில நாள் ஒரு பவுடர் வாசனை அடிக்குமே. ஒருநாள் மூணே முக்காலுக்கே போய்விட்டாள், ஆட்டோ சீக்கிரம் கிடைத்தது, அன்றைக்குத் திலகத்தின் முகம் வெளுத்துப்போய், ஏன்க்கா இவ்ளோ சீக்கிரம் என்று கேட்டாளே. அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள்? படியில் இறங்கினாளா? இவள் லிஃப்டில் ஏறும்போது அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாளா?

தையலை எண்ணவில்லை. எத்தனை போட்டாள் என்று தெரியவில்லை. கை பாட்டுக்குக் குத்துகிறது, இழுக்கிறது. திலகத்தின் மேல் கோபம் வந்தது. பொத்துக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவள், சாகப்போகிறவள், ஒரு வார்த்தை சொன்னால் என்னடி? சொன்னால் நான் என்ன செய்திருப்பேன்? என்ன செய்திருப்பேன் என்று திலகத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நின்ற பிள்ளையை நான் என்ன செய்தேன்? கழுத்தில் ஒரு கன்றிப்போன தடம், அதைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, “அம்மா, நான் அங்க போகலம்மா” என்றாள். புனிதவதி தோசை சுட்டுப் போட்டாள். நாலு தோசை. சாப்பிட்டு முடித்ததும், எல்லா வீட்டுலயும்தான் இருக்கு, போகப் போகச் சரியாயிடும், நாமதான் சரி பண்ணிக்கணும் என்று சொல்லி, அன்றைக்கே மத்திய பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போய்க் கோயம்புத்தூர் வண்டியில் ஏற்றி, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தாள். அவள் கோயம்புத்தூர் போகவில்லை. நடுவில் எங்கேயோ இறங்கிவிட்டாள். அப்புறம் கோர்ட், விவாகரத்து, எல்லாம் யார் யாரோ சொல்லித்தான் தெரியும். கேட்கிறவர்களிடம் புனிதவதி, பொண்ணு வெளிநாட்டுல இருக்கா என்று சொல்லப் பழகிக்கொண்டாள். சரி பண்ணிக்கணும். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், சரி பண்ணுவது. ரிப்பன் கட்டிச் சரி பண்ணினாள், பஸ் ஏற்றிச் சரி பண்ணினாள், இப்போது கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, டிவியில் பழைய பாட்டு ஓட, அவள் சித்திக்காகப் போட்ட கொடியை இலை இலையாகப் பிரித்துச் சரி பண்ணியிருக்கிறாள். பெருமையாக! மிஸ் பார்த்தால் மெச்சுவாள் என்று! பிரித்த நூலெல்லாம் எங்கே? தட்டில் சேர்த்து வைத்திருந்தாள், காலையில் ஒன்பதரைக்குக் குப்பை வண்டி மணி அடித்ததும் காய்த்தோலோடு சேர்த்துக் கொட்டிவிட்டாள். ஐயோ. பச்சைப் பச்சையாக ஒரு பிடி இருந்ததே. புடவைக் கொசுவத்தைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், முந்தானையை விரித்துப் பார்த்தாள். விரல் நகத்தளவு ஒரே ஒரு பச்சைத் துணுக்கு முந்தானை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிள்ளி எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினாள்.

கூட்டைக் கைப்பைக்குள் வைக்கும்போது விரலில் அந்த போன் பட்டது. திலகத்தின் போன். பென்ஷன் காகிதத்துக்கு அந்த நம்பர் வேண்டும் என்று அணைத்துப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். புனிதவதியின் கை அப்படியே நின்றுவிட்டது. “தையல் மிஸ்.” திலகம் போன மறுநாள் அந்தப் பேரில்தான் போன் வந்தது. இவள் வீடு நிறைய ஆட்கள், சாம்பல் எடுக்கப் போகிற அவசரம், தையல் மிஸ்ஸாம், வகுப்புக்கு ஏன் வரலைன்னு கேட்கிறாள் போல என்று கட் பண்ணினாள். திரும்ப வந்தது. கட் பண்ணினாள். ஆறேழு தடவை வந்தது, கடைசியில் சனியன் என்று அணைத்தே போட்டாள். அதை நம்பித்தானே நூல் உறையில் இருந்த கடை விலாசத்தைத் தேடி இங்கே வந்து சேர்ந்தாள்? முதல் நாள் பெனிட்டா மிஸ்ஸிடம் திலகவதின்னு உங்ககிட்ட படிச்சாங்களே என்று கேட்டபோது, இல்லையே ஆன்ட்டி, அப்படி யாரும் வரலையே, நூல் மட்டும் கீழே வாங்கியிருப்பாங்க என்றாள். மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டாள். இந்த மிஸ்ஸிடம் திலகத்தின் நம்பரே கிடையாது. அப்படியானால் கட் பண்ணியது யாரை? எடுத்துக் காதில் வைத்திருந்தால் கேட்டிருக்கும் குரல் யாருடையது? உடல் ஐஸ் பெட்டியில் இருந்தபோது அத்தை மகன் செந்தாமரைக்கண்ணன் வாசலில் வந்து மெதுவாக, “ஆதிரைக்குச் சொல்லணுமா அத்தாச்சி?” என்று கேட்டான். வேண்டாம் என்றாள். யோசிக்கக்கூட இல்லை. அவ யாரு இதுக்கு என்றாள். ஐந்து மாசம் கூட உட்கார்ந்தவளைப் பார்த்து அவ யாரு என்றாள்! மறுநாள் வழக்கம்போலப் பச்சை நூலை எடுத்துக்கொண்டு வந்திருப்பாள். திலகத்தின் வீடு பூட்டிக் கிடந்திருக்கும். வாட்ச்மேன் சொல்லியிருப்பான். காலில் செருப்பு மாட்டிக்கொண்டே, அந்தம்மா நேத்தே போயிட்டாங்களே, தூக்கிட்டாங்களே என்று சாதாரணமாகச் சொல்லியிருப்பான். ஒரு வாட்ச்மேன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஆக்கிவிட்டேனே. அதற்கப்புறம்தான் போன் அடித்திருக்கிறாள். நான் எடுப்பேன் என்று தெரிந்தேதான் அடித்திருக்கிறாள்.

“என்ன ஆன்ட்டி, வேர்த்துக் கொட்டுது? ஃபேன் கூட வைக்கவா?” பெனிட்டா மிஸ் வந்து நின்றாள். சாம்பிள் துணியை எடுத்துப் பார்த்தாள். “ரெண்டாவது வரிசைதான் சொன்னேன், நாலு வரைக்கும் போட்டிருக்கீங்க. ஆனா இங்க பாருங்க, பாதிக்கு மேல எல்லாம் மறுபக்கம் சாய்ஞ்சு போச்சு. பரவால்ல, ஆரம்பத்துல எல்லாருக்கும் வர்றதுதான்.” அப்புறம் திலகத்தின் துணியை அது மாட்டியிருந்த வளையத்தோடு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிரித்த இடத்தில் துளைகள் மட்டும் கொடி மாதிரியே வளைந்து வளைந்து மேலே ஏறின. பச்சைச் சாயம் லேசாக ஒட்டியிருந்தது. “ஒண்ணு பண்ணுங்க. இந்த மிச்சம் பதினொண்ணையும் எடுத்துடுவோம். நீங்களே உங்க கையால முழுசாப் போட்டீங்கன்னா ஒரே மாதிரி வந்துடும். இருங்க, நானே எடுத்துத் தரேன், ரெண்டு நிமிஷம்” என்று மேஜையிலிருந்த சின்னக் கத்தரியை எடுத்தாள்.

“தொடாதீங்க!”

மாடி முழுக்கக் கேட்டிருக்கும். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த குரல். காலேஜ் பெண்கள் இரண்டு பேரும் ஊசியோடு திரும்பிப் பார்த்தார்கள். புனிதவதி மிஸ்ஸின் கையிலிருந்து துணியை வாங்கவில்லை, பிடுங்கினாள். பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். “மன்னிச்சுக்குங்க மிஸ். இது... இது என் பொண்ணு போட்டது” என்றாள். பொண்ணு வெளிநாட்டில் இருக்கிறாள் என்று இந்த மிஸ்ஸிடமும் முதல் நாளே சொல்லியிருந்தாள். பெனிட்டா மிஸ் கத்தரியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

போனுக்கு உயிர் வர நேரம் எடுத்தது. வெள்ளை வெளிச்சம், ஏதோ படம், அப்புறம் திலகம் வைத்திருந்த முருகன் படம். அழைப்புப் பட்டியலில் தையல் மிஸ்ஸைத் தேட வேண்டியதே இல்லை, முதலில் அதுதான் நின்றது. அழுத்தினால் அந்தப் பக்கம் என்ன தெரியும்? சித்தி என்று தெரியும். செத்தவள் கூப்பிடுகிறாள் என்று தெரியும். கட் பண்ணுவாள். பண்ணட்டும், நான் ஆறேழு தடவை பண்ணினேன், அவள் ஆயிரம் தடவை பண்ணட்டும். அழுத்தினாள். இரண்டாவது மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் எங்கேயோ பஸ் ஹாரன்.

“நான்தான்” என்றாள் புனிதவதி.

“தெரியும்.”

ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. குரல் கொஞ்சம் தடித்திருந்தது. சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, வெளியே வந்தது என்னவோ வேறு. “அந்தக் கொடியைப் பிரிச்சுட்டேன்டி. சித்தி தப்பாப் போட்டிருக்கான்னு நினைச்சு... நீ போட்டதுன்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

“பூராவுமா?”

“பதினொண்ணு இருக்கு. அடியில, கதவுக்கிட்ட.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளா, சளியா, தெரியவில்லை. சின்ன வயசில் ரிப்பன் கட்டியிருக்கும்போதும் அழாமல் இப்படித்தான் உறிஞ்சுவாள். “மிச்சத்தத் தொடாதம்மா” என்றாள் ஆதிரை.

“தொடல. யாரையும் தொடவும் விடல.” புனிதவதி மடியிலிருந்த துணியைத் தடவினாள். “துளையெல்லாம் அப்படியே இருக்கு ஆதிரை. எங்க குத்தணும்னு தெரியுது. உன் பக்கமா எப்படிச் சாய்க்கறதுன்னுதான் எனக்குத் தெரியல. வீட்டுக்கு வந்து எதிர்ல உட்கார்ந்து சொல்லிக் குடுக்கறியா?”

அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது.

“எப்ப வரணும்?” என்றாள். “நாலு மணிக்கு முன்னாடியா, அப்புறமா?”

புனிதவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை. “இப்பவே வா” என்றாள்.